ஆவி சுடுமா, சார்?

ஐந்தாம் வகுப்பில் அன்று நாற்பத்தொரு பிள்ளைகள். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. திரும்பினால், மேரி நின்றுகொண்டிருந்தாள்.

மேரி எங்கள் ராயபுரத்துப் பெண். மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் காலை வேளையில் இட்லிக் கடை போடுவாள். அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த வெயிலில் அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து வந்ததே எனக்கு நல்லதாகப் படவில்லை. சொல்லாமல் ஒருவர் வாசலில் வந்து நின்றால் சாவுச் சேதி என்றுதான் முதலில் நினைப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

“சார், உன்னாண்ட ஒன்னு கேக்கணும். கோச்சிக்கக் கூடாது.”

“கேளும்மா.”

பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆவி சுடுமா, சார்?”

முன் வரிசையில் நான்கு பேருக்குக் கேட்டுவிட்டது. அதில் ஒருத்தி உடனே சிலுவை போட்டுக்கொண்டாள்.

“யாரைச் சுட்டது?”

“எங்கூட்டுக்காரர. கால்ல.”

அவள் கேட்டது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த வாசலிலேயே அவளைச் சற்று நிறுத்திவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பெயர் போய் ஒரு பெயர் வந்தது

முதலில் ஒரு திருத்தம். எங்கள் கோயிலில் பன்னிரண்டு தூண்கள் என்று இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். பதினான்கு என்று வண்ணாரப்பேட்டை வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். வாசலுக்கு வெளியே நிற்கும் இரண்டையும் சேர்த்தால் அவர் சொல்வது சரி. நான் உள்ளே நிற்பவற்றைத்தான் எண்ணினேன்.

நான் சொல்ல வந்தது அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்த மாற்றத்தை. லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்த காலம் அது. பீடம் முன்னுக்கு வந்தது. சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒரே ஒரு பெயர்.

அதுவரை நாங்கள் சிலுவை போடும்போது பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்போம். அது எந்த மொழி என்று யாரும் கேட்டதில்லை. போர்த்துக்கீசியர் விட்டுப் போனது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பொருள் தெரியாது, அதனால் பயமும் கிடையாது. வீட்டில் பழகின ஆளின் பெயரைப் போல வாயில் வரும்.

அந்த இடத்தில் ‘பரிசுத்த ஆவி’ வந்தது.

ஆவி என்றால் எங்கள் பக்கத்தில் வேறு பொருள். காசிமேட்டுக் கடலில் போய்த் திரும்பாதவன், துறைமுகத்தில் மூட்டை விழுந்து செத்தவன், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வண்டியில் அடிபட்டவன், இவர்களெல்லாம்தான் ஆவி. முன்னால் பரிசுத்தம் என்று சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? முதல் ஞாயிறு அந்தச் சொல் வந்தபோது சனங்கள் விழுங்கினார்கள். என் வரிசையில் ஒன்பது பேர். உதடுகளைக் கவனித்தேன். ஆறு பேர் பழைய பெயரையே முணுமுணுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அந்த ஆவி தரும் வரங்கள் ஏழு. ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று விரல் விட்டு எண்ணச் சொல்வேன். ஒரு கை முடிந்து அடுத்த கையில் இரண்டாவது விரல் வரும்போது பிள்ளைகள் திணறுவார்கள். எனக்கோ அந்த ஏழாவதில் ஒருநாளும் குறை இருந்ததில்லை. மற்ற ஆறும் கிடைத்ததா என்று தெரியாது.

புதன்கிழமைக் கூட்டம்

அந்தச் சமயத்தில்தான் பங்குச் சாமியாருக்கு உதவியாகச் சின்னச் சாமியார் ஒருவர் வந்தார். தூத்துக்குடிப் பக்கம். வயது முப்பதுக்குள். நிறையப் படித்தவர். என் உபதேச வகுப்பைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நாள் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், கேள்வியும் பதிலும் மனப்பாடம் பண்ணினது போதும். காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிறது வரைக்கும் ஒரு மனுஷன் என்னென்ன செய்றானோ, அதுதான் பாடம். அங்கேயிருந்து ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, பயத்தைச் சொல்லிக்கொடுக்காதீங்க. அன்பைச் சொல்லிக்கொடுங்க.”

சரி என்றேன். அன்று முழுவதும் என் ஏழாவது விரல் சும்மா இருந்தது.

புதன்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் பெரியவர்களுக்குக் கூட்டம் வைத்தார். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அந்த வாரம் வேலையில் நடந்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சுவிசேஷத்தில் ஒரு பகுதி வாசிப்பார்கள். கடைசியில் இனி என்ன செய்வது என்று பேச வேண்டும். சுவிசேஷத்துக்கு முன்னால் கிரேனும் வேகனும் வருகின்றனவே என்று எனக்குள் கலக்கம். ஆனால் ஆட்கள் வந்தார்கள். கோயிலில் கடைசித் தூணைத் தாண்டி வராதவர்களெல்லாம் வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

சாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நல்ல தமிழில் பேச வேண்டும். பூசையே தமிழுக்கு வந்துவிட்ட பிறகு நம் பேச்சில் எதற்கு இங்கிலீஷும் இந்துஸ்தானியும் என்று கேட்டார். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரிந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணிக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது.

“சாமி, கிரேனுக்கு இன்னா சொல்லணும்?”

“பாரந்தூக்கி.”

“இதக் கேட்டா என் மாமனார் பொண்ணக் கூட்டிகினு பூடுவாரு சாமி. ஆப்பரேட்டர்னு சொல்லித்தான் கட்டிகினேன்.”

“சிரிக்காதீங்க. ஓவர்டைமுக்கு என்ன சொல்வீங்க? மிகைநேரம்.”

“மிகைநேரம் பாத்துட்டு வரேன்னா வூட்ல கதவத் தொறக்க மாட்டா. எவ வூட்லன்னு கேப்பா.”

சாமியாரே சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

மூன்று இடத்தில் வருகிறது

ஒரு புதன்கிழமை அந்தோணி வீட்டில் கூட்டம். என்னையும் சாமியாரையும் சேர்க்காமல் பதினான்கு பேர். சாமியார் அன்று ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க வேலை செய்யுற இடத்துல எதுக்குப் பயப்படுறீங்க?”

எங்கள் பகுதி ஆண்களிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆரோக்கியம் கடைசியில் எழுந்து நின்றான்.

ஆரோக்கியம் மேரியின் கணவன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. நிரந்தரம் கிடையாது. இன்றைக்கு வா என்றால் உண்டு, வராதே என்றால் இல்லை. அதனாலோ என்னவோ அதிகம் பேச மாட்டான். மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வந்தும் அன்றுதான் அவன் குரலைக் கேட்டேன்.

“எங்க கம்பெனில...”

“தொழிற்சாலையில” என்றார் சாமியார், சிரித்த முகத்தோடு.

“தொழிற்சாலைல...” நின்றுவிட்டான். அடுத்த சொல்லைத் தேடினான். உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. பிறகு கண்டுபிடித்துவிட்டவன்போல் நிமிர்ந்தான்.

“ஆவி வருது, சாமி.”

பெண்கள் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“என்ன வருது?”

“ஆவி. கண்ணுக்குத் தெரியாது. உஸ்ஸுன்னு சத்தம் மட்டும் கேக்கும். மொதல்ல ஒரு எடத்துல வந்துச்சி. இப்போ மூணு எடத்துல வருது.”

“மாமு, ஒன்னு வந்தாலே பேஜாரு” என்றான் அந்தோணி. “உனுக்குக் குடும்பத்தோட வந்துகீதா?”

வீடே சிரித்தது. ஆனால் பெண்கள் சிரிக்கவில்லை. முந்தின வருஷம் அதே தொழிற்சாலையில் ஒருவன் கூரையிலிருந்து விழுந்து செத்திருந்தான். “பேரச் சொல்லிக் கூப்டுதாப்பா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அத்த சொல்லல நான்...” என்று ஆரோக்கியம் தொடங்கினான். சாமியார் கையை உயர்த்தினார். கோபமே இல்லாமல் பேசினார். பேய், பிசாசு என்று பயந்து வாழ்வது கிறிஸ்தவனுக்கு அழகில்லை என்றார். நமக்குத் தெரிந்தது ஒரே ஆவி, அது பரிசுத்த ஆவி, அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை என்றார்.

“அது வந்தா வரவேற்கணும் ஆரோக்கியம்.”

“வரவேக்கணுமா, சாமி?”

“கதவைத் திறந்துவச்சு வரவேற்கணும்.”

ஆரோக்கியம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

நான் சிரிக்கவில்லை. வாசலை ஒட்டியிருந்த என் நாற்காலியை உள்ளே நகர்த்திக்கொண்டேன். ஆனால் பயத்தைவிட அதிகமாக என்னைக் குடைந்தது எண்ணிக்கை. ஒன்று எப்படி மூன்றாகும்? நான் கேட்ட எந்தக் கதையிலும் ஆவி ஒரே ஆளாகத்தான் வரும். அது பெருகியதாக யாரும் சொன்னதில்லை.

அடுத்த நாளிலிருந்து அவன் பெயர் ‘ஆவி ஆரோக்கியம்’. மேரி அவன் சாப்பாட்டுக் கேரியரில் மந்திரித்த தண்ணீர் புட்டி ஒன்றை வைத்து அனுப்பினாள். அவன் அதன் பிறகு யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

இட்லிப் பானை

இப்போது வகுப்பு வாசலுக்கு வருகிறேன். மேரி இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

“ரெண்டு நாளா கால காட்டவே மாட்டேன்னுச்சி சார். இன்னிக்கி வேலைக்குக் கெளம்பும்போது பாத்துட்டேன். கணுக்காலாண்ட மூணு எடத்துல தோலு உரிஞ்சிகீது.”

மறுபடியும் மூன்று.

“என்ன ஆச்சுன்னு கேட்டியா?”

“கேட்டேன். ஆவின்னு சொன்னா சிரிக்கிறாங்க, வுடுன்னு சொல்லிட்டு பூட்ச்சி. எனுக்குப் பயமா கீது சார். நெருப்பு பட்டா கருப்பா இல்ல இருக்கணும்? இது வெள்ளையா, வெந்தாப்பல கீது. அவசரத்துல இட்லிப் பானையத் தொறந்தா எனுக்குக் கைல வருமே, அந்த மாரி...”

பேச்சை நிறுத்தினாள். தன் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே பழைய தழும்பு ஒன்று பளபளப்பாக இருந்தது. நானும் அதைப் பார்த்தேன்.

“சார்.”

“சொல்லு.”

“பானைலேர்ந்து வர்றதும் ஆவிதானே?”

“ஆமாம்மா.”

“அப்போ அது சொன்னது... இஸ்டீமா?”

திருவொற்றியூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை பாய்லர் பக்கத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அது இஸ்டீம்தான். டீக்கடையில் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே புரிந்திருக்கும். சாமியாருக்கு முன்னால் நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்று பாவம், தேடிப் பிடித்து ஒரு சொல்லை எடுத்து வைத்தான். அது அவனை ஊர் சிரிக்கவைத்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாதது, உஸ்ஸென்று சத்தம் போடுவது, ஒன்று மூன்றாகப் பெருகுவது. எல்லாம் சரியாக வந்தது. ஒரு நீராவிக் குழாய் விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது. விரிசல் பெரிதாகிக்கொண்டும் இருக்கிறது.

“இன்னைக்கு எந்த ஷிப்ட்?”

“பகலு. இப்போ அங்கதான் கீது.”

“கூட எத்தனை பேர்?”

“அதோட சேத்து பதினோரு பேரு.” மேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து புகைபோக்கிகள்

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளையும் மேரியையும் விட்டுவிட்டுச் சாமியார் பங்களாவுக்கு ஓடினேன். அந்த ஞாயிறு பரிசுத்த ஆவியின் திருநாள். அதற்கான பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“வரவேற்கணும்னு சொன்னேனே, சார்” என்றார். சைக்கிளை எடுத்தார்.

அவர் மிதிக்க, நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனேன். அங்கி போட்ட சாமியார் கணக்கு வாத்தியாரை வைத்து மிதித்துப் போவதைத் தண்டையார்பேட்டை முழுவதும் நின்று பார்த்தது. எனக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. பின்னால் வரும் ஒவ்வொரு லாரியும் எங்கள் மேல் ஏறப்போகிறது என்று ஒரு பயம். தொழிற்சாலையில் எல்லாம் முடிந்திருக்கும் என்று இன்னொரு பயம். இரண்டும் மாறிமாறி வந்தன.

ஒரு வளைவு தாண்டினால் வரிசையாகப் புகைபோக்கிகள் தெரியும். ஐந்து. ஆரோக்கியம் வேலை பார்த்தது மூன்றாவதில். எட்டிப் பார்த்தேன். ஐந்திலும் புகை வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் உயிர் வந்தது.

எதிரே ஒரு கரி லாரி மறைத்துக்கொண்டு போனது. தூசி அடங்கியதும் திரும்ப எண்ணினேன்.

நான்கு.

மறுபடி எண்ணினேன். மூன்றாவது புகைபோக்கியின் வாயில் கடைசிப் புகை மெலிந்து பிரிந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து புதிதாக ஒன்றும் வரவில்லை.

“சாமி, மூணாவது நின்னுபோச்சு.”

அவர் அங்கி செயினில் மாட்டியது. இழுத்துக் கிழித்துவிட்டு மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். என் வாயில் வந்தது பழைய பெயர்தான்.

கேட்டுக்கு வெளியே கூட்டம். சாலையோரப் பூவரச மரத்தடியில் கரி படிந்த ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இறங்குவதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிட்டேன். எட்டு, ஒன்பது, பத்து. பத்தோடு நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பத்துதான்.

“இன்னா சார், நீ இங்க?”

குரல் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தான்.

நடக்காதது

“கொயாய் இடிக்க ஆரம்பிச்சிச்சி சார். தடக்கு தடக்குன்னு. அதுக்கு மேல எனுக்குத் தாங்கல. நெருப்ப வெளிய வாரிப் போட்டுட்டு, ஓடுங்கடான்னு கத்திட்டேன். எல்லாம் ஓடியாந்துட்டோம்.”

அதற்குள் போர்மேன் வந்துவிட்டார். வேட்டியும் தொப்பியுமாகப் பெரிய மீசைக்காரர்.

“ஒன்னும் ஆவல சாமி. நீங்க போங்க. இவனுக்கு ஆவி பயம், ஊரு பூரா தெரியும். வேலையக் கெடுத்து வச்சிகினு கீறான்.”

சாமியார் அவர் அருகில் போனார். கிழிந்த அங்கியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“ஐயா, அவன் சொன்னது ஸ்டீம். ஸ்டீம் லீக். பைப்பைத் திறந்து செக் பண்ணாம திரும்ப நெருப்பு போடாதீங்க. நான் இங்கேயேதான் நிப்பேன்.”

ஒரே மூச்சில் அத்தனை இங்கிலீஷ் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சொன்னபடியே நின்றார். சாயங்காலம் வரைக்கும் பாய்லர் எரியவில்லை. பதினோரு பேரும் வீடு திரும்பினார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆரோக்கியத்திடம் சொல்லிவிட்டார்கள்.

வெடித்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் குழாயை மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய குழாய் எவ்வளவு தேய்ந்திருந்தது என்று யாரும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் எதையாவது எண்ணிக்கொண்டே இருந்துவிட்டேன். நடந்ததை எண்ணிவிடலாம். நடக்காததை எப்படி எண்ணுவது? பயந்தவன் காப்பாற்றினான் என்றால் அதற்குச் சாட்சி கிடையாது. பயந்து வேலையைக் கெடுத்தான் என்றால் அதற்கு ஊரே சாட்சி.

மேரியிடம் ஆறுதல் சொல்லப் போனேன்.

“வேல பூட்ச்சின்னு துக்கம் விசாரிக்க வந்தியா சார்?” என்று கேட்டாள். “ஆளு கீதில்ல?”

ஆள் உள்ளே கயிற்றுக் கட்டிலில் கால்களை நீட்டிப் படுத்திருந்தான். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த புதன்கிழமை சாமியார் முதலிலேயே சொல்லிவிட்டார். “எப்படி வருதோ அப்படியே பேசுங்க. எனக்குப் புரியலன்னா நான் கேட்டுக்கிறேன். போன தடவை கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறேன்.”

அந்தோணி ஏதாவது நையாண்டி செய்வான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“என் கிரேன்ல ஒயர் ரோப்பு தேஞ்சிகீது சாமி. கீழ ஆளுங்க நிக்கறானுங்க. லீவரப் புடிக்கவே பயமா கீது. சொன்னா லைசென்ஸப் புடுங்கிடுவானுங்கன்னு சொல்லல.”

அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். அப்பமும் மீனும் பெருகிய கதையைச் சாமியார் வாசிக்க எடுத்துவைத்திருந்தார். அதை வாசிக்க நேரமில்லாமல் போயிற்று. அன்று இருந்தது பதினான்கு பேர். நான் எண்ணியது பத்தொன்பது பயங்கள். ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று பேசிவிட்டுத்தான் கலைந்தோம். சில பயங்களுக்கு யாரையும் பார்க்க முடியாது என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

போகும்போது சாமியார் என் தோளைத் தொட்டார். “ஏழாவது வரத்தைப் பிள்ளைகளுக்கு விடாமச் சொல்லிக்கொடுங்க, சார்.”

மூன்றாவது தண்ணீர்

மேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆரோக்கியத்துக்கு எண்ணூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்திருந்தது. திறந்த வெளியில் கரி இறக்குவது. பாய்லர் பக்கமே போக வேண்டாத வேலை வேண்டும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக என்னைக் கேட்டார்கள். குழந்தையை நான்தான் ஏந்தியிருந்தேன். கைநழுவி விடுமோ என்று இரண்டு கைகளும் மரத்துப் போயிருந்தன. பத்து விரல்களையும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன், சரியாக இருந்தன.

தண்ணீரை மூன்று தடவை ஊற்ற வேண்டும். பிதா என்று சொல்லி ஒன்று. சுதன் என்று சொல்லி ஒன்று. மூன்றாவது தடவை சாமியாரின் கை உயர்ந்தது. என் பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் கணுக்காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். செருப்பில்லாத கால் தரையில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. சாமியாருக்கும் கேட்டிருக்க வேண்டும். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை விழித்துப் பார்த்தது.

“இஸ்பிரீத்துசாந்து” என்றார் சாமியார், தாழ்ந்த குரலில்.

ஆரோக்கியம் மூச்சை விட்டான்.

எனக்கு மட்டும் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. புத்தகத்தில் உள்ள பெயர் வேறு, சொன்ன பெயர் வேறு. ஞானஸ்நானம் செல்லுமா? ஞானத்தகப்பன் நான். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன். விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு சாமியாரிடம் கேட்டேவிட்டேன்.

“செல்லும் சார்” என்றார். “அவருக்கு ரெண்டு பெயருமே தெரியும்.”

அந்த இரண்டோடும் நிற்கவில்லை. இப்போது மறுபடி மாற்றித் ‘தூய ஆவி’ என்கிறார்கள். கூட்டத்தோடு நானும் சத்தமாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த இடம் வரும்போது என் கால்கள் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன்.